பால்வாடி திறக்கும் நேரம்

புதுச்சேரியில் மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் கொண்டுபோய் விட நான்கு விதமான வாசல்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமையோ கையில் காசோ இருந்தால், விக்தோர் சிமோனெல் தெருவில் லிசே பிரான்சேவின் மழலையர் பிரிவு. அரவிந்தர் ஆசிரமத்தோடு ஒட்டுறவுள்ள குடும்பம் என்றால், ஆசிரமப் பள்ளியின் மழலையர் வகுப்பு. மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு டை, ஷூ, வேன் சகிதம் ப்ரீ-கேஜி. மீதிப் பேருக்குத் தெருமுனைப் பால்வாடி. பலகையில் ‘அங்கன்வாடி மையம்’ என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது பால்வாடிதான். இந்த நான்கையும் வெயில் ஏறுவதற்குள் நடந்தே பார்த்துவிடலாம். ஊரின் அளவு அப்படி.

குழந்தை வளர்ச்சி ஆய்வுகளில் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவள் நான். எடைக் கருவி, உயரப் பலகை, வண்ணக் கட்டைகள் உள்ள ஒரு பை, இவற்றோடுதான் பாதி வாழ்க்கை ஓடியது. கட்டையை அடுக்குகிறதா, நிறம் சொல்கிறதா, பத்து வரை எண்ணுகிறதா என்று குழந்தையைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். அம்மாவைப் பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வயது என்ன, எதுவரை படித்தார், வேலைக்குப் போகிறாரா. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் மனசு கொஞ்சம் உறுத்தும். அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் உறுத்தல் மறந்துபோகும்.

இந்தப் பயணத்தில் கேள்வித்தாள் இல்லை. பையில் இருந்தது மீனா சுவாமிநாதனின் ‘ஹூ கேர்ஸ்?’ என்ற ஆய்வு நூல். குறைந்த வருமானத்தில் உழைக்கும் பெண்களுக்குக் குழந்தைக் காப்பகம் எங்கே இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று இந்தியா முழுக்கத் தேடிப் பார்த்த ஆய்வு அது. 1985இல் புது தில்லியிலுள்ள பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம் வெளியிட்டது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்றே பல பேருக்கு மீனாவைத் தெரியும். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்து, தில்லியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய மத்திய கல்வி ஆலோசனை வாரியம் ஒரு குழு அமைத்தபோது அதற்குத் தலைவரானார். 1972இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் தடத்தில்தான் 1975 அக்டோபர் 2ஆம் தேதி, 33 வட்டாரங்களில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நம் தெருமுனைப் பால்வாடியின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்த அறிக்கையைச் சொல்லலாம்.

மீனா இந்த ஊர்க்காரர் அல்ல. ஆனாலும் வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கப் புதுச்சேரி ரொம்பத் தோதான ஊர். குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது தாயின் நேரத்தைப் பற்றி ஏன் கேட்க மறக்கிறோம் என்பதுதான் அந்தக் கேள்வி.

லிசே வாசலில் இருந்து தொடங்கினேன். 1826இல் ஆரம்பித்த பள்ளி. இன்றைக்கும் மழலையர் வகுப்பிலிருந்து பாக்கலோரியா தேர்வு வரைக்கும் பிரெஞ்சுப் பாடத்திட்டம்தான். காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் புதுச்சேரியின் இருநூறு வருடக் கதை புரியும். ஸ்கூட்டரில் பேரனோடு வந்து இறங்கும் ‘சொல்தா’ குடும்பத்துத் தாத்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்கள்; சைக்கிளில் குழந்தையை வைத்துத் தள்ளிவரும் வெள்ளைக்கார அம்மாக்கள்; பிரெஞ்சும் தமிழும் கலந்து சிணுங்கும் பிள்ளைகள். பிரான்சில் 2019இலிருந்து மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் படிப்பில் அரசுக்கு இத்தனை உரிமை தேவையா என்று அங்கேயும் வாதம் நடந்தது.

பிரெஞ்சு மழலையர் பள்ளி எப்படிப் பிறந்தது என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். இந்த லிசே தொடங்கிய அதே 1820களில் பாரிசில் ஏழைக் குழந்தைகளுக்கான ‘சால் தசில்’ என்ற கூடங்கள் முளைத்தன. தசில் என்றால் புகலிடம்தான், பள்ளி இல்லை. தாய்மார்கள் பட்டறைக்கும் ஆலைக்கும் போய்விட, தெருவில் திரிந்த பிள்ளைகளை அடைத்து வைக்க ஓர் இடம். 1881இல் அதற்கு மழலையர் பள்ளி என்று பேர் மாற்றி ஆணை போட்டார்கள். அதன் தலைமை ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த போலின் கெர்கோமார் என்ற பெண்மணி, பெஞ்சில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வதை ஒழித்து, விளையாட்டைக் குழந்தையின் வேலையாக ஆக்கப் போராடினார். இன்றைக்கு உலகம் மெச்சும் கல்விமுறையின் அடியில் வேலைக்குப் போன ஒரு தாய் நிற்கிறாள்.

மாண்டிசோரியின் கதையும் இதேதான். 1907 ஜனவரியில் ரோம் நகரத்து சான் லொரன்சோ சேரியில் அவர் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அதற்குக் காரணம், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் புதுக் கட்டடத்தின் சுவரையும் படியையும் பாழாக்குகிறார்கள் என்ற கட்டட முதலாளிகளின் கவலை. அந்தச் சேரியில் பிறந்த முறைதான் 1939இல் மாண்டிசோரி அம்மையாரோடு சென்னை அடையாற்றுக்கு வந்து இறங்கியது. நம் ஊரில் அது பணக்காரப் பிள்ளைகளின் அடையாளமாக மாறிப்போனதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆசிரமப் பக்கம் திரும்பினால் தெருவின் ஓசையே மாறிவிடும். சாம்பலும் வெள்ளையும் பூசிய சுவர்கள், போகன்வில்லா, வெள்ளைக் கால்சட்டையில் சைக்கிளில் போகும் பிள்ளைகள். உலகெங்கும் கல்விக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் பள்ளி இது. தேர்வு இல்லை, பட்டம் இல்லை. மேல் வகுப்புகளில் மாணவரே தன் பாடத்தைத் திட்டமிடும் ‘சுதந்திர முன்னேற்றம்’ என்ற முறை 1960களில் உருவானது. பாரிஸ் பாலிடெக்னிக்கில் படித்த பொறியாளரான பவித்ரா என்ற பிரெஞ்சுக்காரர் பள்ளியின் முதல் இயக்குநர். முறையை வகுத்தவர்களில் ஒருவரான கிரீத் ஜோஷி பிற்காலத்தில் மத்திய அரசின் கல்வி ஆலோசகராகப் போனார்.

எல்லாரும் கல்வித் தத்துவத்தையே பேசுகிறார்கள். நான் பள்ளி பிறந்த தேதியைப் பார்த்தேன். 1943 டிசம்பர் 2. இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அடியார்களின் குடும்பங்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. அதுவரை ஆசிரமத்தில் குழந்தைகளுக்கு இடமில்லை. வந்த பிள்ளைகளைத் துரத்தவா முடியும்? அன்னை மீரா அல்பாசா சின்னதாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். இதுவும் புகலிடமாகத்தான் பிறந்திருக்கிறது.

பின்னால், 1950களின் தொடக்கத்தில், கல்வி பற்றி அன்னை எழுதிய கட்டுரைகளில் பெற்றோரைத்தான் முதலில் பிடிக்கிறார். உடல், உயிர், மனம், உள்ளுறை ஆன்மா, அதற்கும் மேலே ஆன்மிகம் என்று கல்வியை ஐந்தாகப் பகுத்துவிட்டு, பிள்ளையைத் திருத்தப் புறப்படும் முன் தன்னைத் திருத்திக்கொள் என்கிறார். கோபக்காரத் தகப்பன் பிள்ளைக்கு எப்படிப் பொறுமை சொல்லித்தர முடியும்? நியாயம்தான். ஆனால் பெற்றோருக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள ஓய்வு வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். எதிரே ஆசிரமச் சாப்பாட்டுக்கூடம் வந்தது.

பாரதி பூங்காவை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் எளிய சோறு, பருப்பு, தயிர், ரொட்டி. வாங்கிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவுமிடத்தில் நீட்டிவிட்டு வரவேண்டியதுதான். வரிசையில் பாத்திரம் கழுவுபவர்களும் ஆசிரமவாசிகளே. சலவை பொது, மருந்தகம் பொது, தச்சுப்பட்டறை பொது. பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடையாது. சோறும் கூரையும் ஆசிரமம் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பள்ளியின் வெற்றிக்குக் காரணம் தேடி வருகிறவர்கள் வகுப்பறையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுப்பங்கரையைப் படம் பிடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு ஒரு பெண் மூன்று வேளையும் செய்கிற வேலையை ஒரு பொதுச் சமையலறை எடுத்துக்கொண்டால், குழந்தைக்கு எதிரே உட்காரப் பெரியவர்களுக்கு நேரம் மிஞ்சுகிறது. தத்துவத்தை ஏற்காதவர்களும் இந்தக் கணக்கை ஏற்கலாம்.

வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்ப் பகுதி. பெயர்ப்பலகையில் பிரெஞ்சு இருக்கும். திண்ணையில் தமிழ் உட்கார்ந்திருக்கும். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லம். 1908இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி வந்தவர், 1918 வரை இந்த ஊரில் இருந்தார். சின்ன மகள் சகுந்தலாவுக்காகப் பாப்பாப் பாட்டைப் பாடியது இந்த ஊரில்தான். ஓடவும் கூடவும் சொல்லித்தந்த அந்தப் பாட்டைப் படிக்காத தமிழ்க் குழந்தை குறைவு.

பாரதி வீட்டுக் குழந்தைப் பருவத்தை நமக்குச் சொன்னது ஆய்வாளர் யாரும் அல்ல, ஒரு சிறுமி. மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி. பாரதியின் வீட்டில் ஓடி விளையாடிய அந்தப் பெண், வளர்ந்தபின் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ 1954இல் நூலாக வந்தது. கவிஞரின் கோபம், பாட்டு, மனைவி செல்லம்மாவின் கவலை, பெரியவர்களின் பேச்சு எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்த குழந்தையின் கண்ணால் படிக்கலாம். செல்லம்மா கடன் வாங்கி வைத்த அரிசியை பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை ஊரறிந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் நாம் குருவியையும் கவிஞரையும் பார்த்துப் பரவசப்படுகிறோம். அன்றைக்கு உலையில் என்ன போட்டாள் என்று செல்லம்மாவைக் கேட்டவர் யார்?

இந்த வீட்டு முற்றத்தில் எனக்கு மீனாவின் அம்மா ஞாபகம் வந்தது. ‘வாசவேச்வரம்’ நாவலை எழுதிய கிருத்திகாதான் அவர். இயற்பெயர் மதுரம் பூதலிங்கம். கிராமத்து அக்ரகாரப் பெண்களின் மனசையும் அலுப்பையும் ஆசையையும் 1960களிலேயே பூசி மெழுகாமல் எழுதியவர். அவரே குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் பாரதியின் வாழ்க்கையையும் எழுதினார். 1970 வாக்கில் என்.சி.இ.ஆர்.டி. அதை வெளியிட்டது. தாய் குழந்தைகளுக்கு பாரதியைச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், மகள் குழந்தைகளுக்கான நாட்டுத் திட்டம் ஒன்றுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அந்த அறிக்கையில் பெண்ணின் உழைப்பு மறையாமல் இருந்ததற்குக் கிருத்திகாவின் மேசையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நாவலாசிரியரின் மகள் புள்ளிவிவரத்துக்குள் மனிதரைத் தேடாமல் இருக்க முடியாது.

பெருமாள் கோவில் தெரு 95ஆம் எண், பாரதிதாசன் வீடு. சுற்றுலாப் பயணிகள் இவ்வளவு தூரம் வருவதில்லை. கடற்கரைக் காப்பிக் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். இயற்பெயரில் கனக சுப்புரத்தினமான அவர் 1909இல் காரைக்கால் பக்கம் நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1946இல் ஓய்வு பெறும் வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். புரட்சிக்கவிஞர் என்கிற பட்டத்துக்குக் கீழே ஒரு தொடக்கப்பள்ளி வாத்தியார் இருந்தார் என்பதை நாம் மறந்துபோகிறோம்.

வாத்தியார் எழுதியதுதான் ‘குடும்ப விளக்கு’. ஐந்து பகுதிகள். முதல் பகுதிக்கு அவர் வைத்த பேர் ‘ஒரு நாள் நிகழ்ச்சி’, நான்காவது ‘மக்கட்பேறு’. முதல் பகுதியில் ஒரு குடும்பத் தலைவி விடியலில் எழுகிறாள். கோலம் போடுகிறாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாடம் சொல்லித்தருகிறாள். சமைக்கிறாள், மாமன் மாமிக்கு மருந்து தருகிறாள், வீட்டில் பழுதுபட்டதைச் சரிசெய்கிறாள், கணவனின் கடைக்கும் போய் உட்காருகிறாள். பட்டிமன்றங்களில் இதை இலட்சியப் பெண் என்று புகழ்வார்கள். பெண்ணியவாதிகள் சிலர் இதென்ன கொடுமை என்பார்கள். என் தொழில் புத்திக்கு இது வேறாகத் தெரிகிறது. இது ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. காலை முதல் இரவு வரை ஒரு பெண் எந்த நேரத்தில் எதைச் செய்தாள் என்று வரிசையாகக் குறித்து வைத்த முதல் தமிழ் ஆவணம் என்றுகூடச் சொல்வேன். யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும். இதற்கு எதிர்ப்படம் ‘இருண்ட வீடு’. அங்கே கல்வி புகாத ஒரு குடும்பத்தின் அலங்கோலமான நாள். பிள்ளை வளர்ப்பு தெரியாத வீட்டில் குழந்தை படும் பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வயிற்றைக் கலக்குவார்.

இந்திய அரசு இந்த நேரக் கணக்குக்கு வர 1998 ஆனது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அப்போது முதல் சோதனை நடந்தது. நாடு முழுமைக்கும் 2019இல் எடுத்தபோது கிடைத்த எண்கள் இவை: சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ‘ஈடுபட்ட’ என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 சதவீதம் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26 சதவீதம். மீனாவின் மகள்களில் ஒருவரான நித்யா ராவ் இந்த வழியிலேயே ஆய்வை எடுத்துப்போனவர். வயலில் வேலை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் பெண்ணின் நேரத்துக்கும் உடம்புக்கும் என்ன ஆகிறது, அது குழந்தையின் ஊட்டத்தை எப்படித் தொடுகிறது என்று கேட்டவர். பாட்டி நாவலில் பார்த்ததைப் பேத்தி வயல்வெளியில் அளந்தார்.

சாப்பாட்டுக்குப் பின் ஷேர் ஆட்டோவில் கடலூர் சாலை. ஏ.எஃப்.டி. மில்லின் நீண்ட சுவர் இப்போது சும்மா நிற்கிறது. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை, 2020இல் மூடப்பட்டது. புதுச்சேரி மில் தொழிலாளர் வரலாறு தனிப் புத்தகம். இங்கே ஒரு தேதி போதும். 1936 ஜூலை 30. சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரைக்கும் போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் தொழிற்சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையை நோக்கிய ஆணையும் வந்தன. எட்டு மணி நேரம் என்பதைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் நாம் படித்திருக்கிறோம். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை உள்ள மில் தொழிலாளிப் பெண்ணுக்கு அது வேறு பொருள்.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வை என்றது. பிறகு அதை முப்பது ஆக்கினார்கள். முப்பதோடு நிறுத்திக்கொண்டால் போச்சு என்று தெரியாத முதலாளி உண்டா? சட்டம் குறிப்பிட்ட ஆலைக்குள் வராத பெண்கள்தான் இந்தியாவில் பெரும்பான்மை. கட்டடக் கூலிக்காரி, நாற்று நடுபவள், மீன் விற்பவள். 1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த கைக்குழந்தைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் ‘மொபைல் க்ரீச்சஸ்’ தொடங்கினார். வேலை எங்கே நகர்கிறதோ அங்கே காப்பகமும் நகரும். மீனா சுவாமிநாதன் போராடியதும் இந்தப் பெண்களுக்காகத்தான்.

அவர் எழுத்தில் எனக்குப் பிடித்த இடம், கணக்கில் மூன்றாவதாக ஒரு ஆளைச் சேர்ப்பது. காப்பகம் இல்லையென்றால் தாய் வேலைக்குப் போகமாட்டாள் என்று நினைக்கிறோம். போவாள். போகாமல் அடுப்பு எரியாது. அப்போது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்பவள் எட்டு வயது அக்கா. ஆக ஒரு காப்பகம் கைக்குழந்தை, தாய், பள்ளிக்குப் போகவேண்டிய பெண் என்று மூன்று பேருக்குப் பயன்படுகிறது. கல்வித் துறை, குழந்தைநலத் துறை, தொழிலாளர் துறை மூன்றும் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கின்றன. கோப்புகளுக்கு நடுவே அக்கா விழுந்துவிடுகிறாள். 2022 மார்ச்சில் சென்னையில் மீனா காலமானபோது வந்த அஞ்சலிகளில் இந்த அக்காவைப் பற்றி அதிகம் காணோம்.

வெயில் தணிந்ததும் குருசுக்குப்பம் போனேன். ஊரின் வடக்கே, கடலை ஒட்டிய மீனவர் பகுதி. பக்கத்தில் வைத்திக்குப்பம், மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் கடற்கரை. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் நகர்ப்புற நலவாழ்வு மையம் குருசுக்குப்பத்தில்தான் இருக்கிறது. ஆகையால் எடை போடுவதும் கேள்வி கேட்பதும் இந்தத் தெருக்களுக்குப் புதிதில்லை. என்னைப் பார்த்ததுமே திண்ணையிலிருந்த ஓர் அம்மாள், “எந்தக் காலேஜுமா?” என்றார்.

பால்வாடி டீச்சர் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானமே பிள்ளைகள் போயாயிற்று. ஒரு அறை, ஓரத்தில் அடுப்பு, சுவரில் பழங்களின் படம், எடைக் கருவி, அரிசி மூட்டை. பிரெஞ்சுக்காரன் காலத்தில், 1930இலேயே, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்த ஊர் இது; சோறு போடுவதில் குறை சொல்ல முடியாது. பாட்டும் கதையும் எப்போது என்று கேட்டேன்.

“பதினோரு மணிக்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்கும் மேடம். அதுக்குள்ள தடுப்பூசி லிஸ்ட் கேட்டு போன் வரும். மாசமா இருக்கறவங்க வீட்டுக்குப் போவணும். போன்ல போட்டோ எடுத்து ஏத்தணும். ஆயா லீவுன்னா சமையலும் நானே.”

இதைக் கேட்டதும் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பரிசோதனை நினைவுக்கு வந்தது. நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகள். குலுக்கிப் போட்டுப் பாதி மையங்களில், பிள்ளைகளுக்குக் கற்பிக்க மட்டும் அரை நாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை நியமித்தார்கள். கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் அதை ஆராய்ந்தார்கள். ஒன்றரை வருடத்தில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். இது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, அந்த மையங்களில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தன. புதிதாக வந்தவர் சோறு போடவில்லை, பாட்டுத்தான் பாடினார். ஆனால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இந்த முடிவை நான் இரண்டாவது முறை படித்தபோதுதான் புரிந்தது. ஒரு பெண்ணின் நேரத்தை விடுவித்தால், பலன் எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. மீனா தாயின் நேரத்துக்குச் சொன்னது டீச்சரின் நேரத்துக்கும் பொருந்துகிறது.

இந்தத் துறையில் பலரும் அமெரிக்காவின் பெரி பாலர் பள்ளி ஆய்வையே மேற்கோள் காட்டுவார்கள். 1962இல் மிச்சிகன் மாநிலத்தில் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளோடு தொடங்கி, அவர்கள் நாற்பது வயதைத் தாண்டும் வரை தொடர்ந்த ஆய்வு. பெரிய விஷயம்தான். ஆனால் அதன் ஆசிரியர்கள் வாராவாரம் பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்தார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு டீச்சர், ஒரு ஆயா, பத்துப் பதிவேடு உள்ள பால்வாடிக்கு அந்தப் பலனை எதிர்பார்ப்பது பேராசை.

டீச்சரின் மாத வருமானத்துக்கு அரசு வைத்திருக்கும் பேர் மதிப்பூதியம். சம்பளம் என்று சொன்னால் ஊழியர் ஆகிவிடுவாராம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. “கேள்விப்பட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டு மறுபடி பதிவேட்டில் குனிந்தார்.

எந்தக் காலேஜ் என்று கேட்ட அம்மாள் அதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார். இடுப்பில் இரண்டு வயதுப் பேரன். மகள் மீன் விற்கிறாளாம்.

“எம் பொண்ணு மூணு மணிக்கே எழுந்து தேங்காத்திட்டு ஏலத்துக்குப் போயிடும். அங்கேருந்து மார்க்கெட்டு. வூடு வந்து சேர ரெண்டு மணியாவும். இவன் அதுவரைக்கும் எங்கூடத்தான்.”

“பால்வாடிக்கு அனுப்பலாமேம்மா” என்றேன். சொல்லும்போதே எனக்கு உரைத்தது. மூன்று வயது ஆகவில்லை. ஆனாலும், காலை ஒன்பதரைக்குத் திறந்து மத்தியானம் மூடும் இடம் மூன்று மணிக்குப் புறப்படுகிறவளுக்கு எதற்கு? இந்தியாவின் பால்வாடி நேரம் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பில் போட்ட நேரம். இப்போது ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களை மத்திய அரசு திட்டமிட்டிருக்கிறது. ஐம்பது வருடம் கழித்தாவது வருகிறது. நல்லது. ஆனால் மீன்காரி கடிகாரத்தைக் கேட்டு யாரும் நேரம் வைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

“எத்தினி மணிக்குத் தொறந்தா உங்களுக்கு வசதிம்மா?” என்று கேட்டேன். இத்தனை வருடம் சுமந்த எந்தக் கேள்வித்தாளிலும் இந்தக் கேள்வி இருந்ததில்லை.

“மூணு மணிக்குத் தொறந்து வச்சா புண்ணியமாப் போவும். நானும் செத்த தூங்குவேன். முட்டி வலி உயிர் போவுது.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “மூணு மணிக்கு நான் இங்க வந்து ஒக்காந்தா எம் புள்ளைய யாரு பாத்துக்கறது?”

“எங்கிட்டக் கொண்ணாந்து வுட்டுட்டு வா” என்றார் அந்த அம்மாள். பேரனை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “ஆனா எனக்கும் மாசாமாசம் சம்பளம் வேணும்” என்றார்.